திரையில் ஒரு ஆள் பொம்மை

வெண்ணிலா விழுப்புரத்தில் கரண்ட் கன்ட்ரோல் ரூமில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

“அப்பா, ஸ்க்ரீன்ல லைன் படம் வருதுல்ல, அதுல சில சமயம் ஒரு ஆள் பொம்மை வந்து நிக்குது. அது நின்னா எதையும் தொடாதீங்கன்னு ட்ரெயினிங்ல ஒரு வரிதான் சொன்னாங்க. அது யாருப்பா?”

“அது ஏழுமலை” என்றேன்.

“எல்லா பொம்மையுமா?”

“முதல் பொம்மை ஏழுமலை. மத்ததெல்லாம் அப்புறமா வந்தது.”

அவள் சிரித்துக்கொண்டே குளிக்கப் போய்விட்டாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிற என் மகன் சதீஷும் படிக்க வேண்டும். அவன் கம்பெனியிலும் இப்போது மெஷினுக்குப் புத்தி வைக்கிறார்களாம். நான் பத்தாவது வரை படித்தவன். எழுத்துப் பிழை இருந்தால் நீங்கள் திருத்திக்கொள்ளலாம். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

என் ஆரம்பகாலத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். முதலில் கம்பம் நடக் குழி தோண்டினேன். அப்புறம் கம்பம் தூக்கினேன். ஹெல்பர் ஆனதும் ஏறுகிறவனுக்குக் கீழே இருந்து கயிற்றில் சாமான் கட்டி அனுப்பினேன். வயர்மேன் ஆனதும் நானே ஏறினேன். கடைசியில் லைன் இன்ஸ்பெக்டர் ஆக்கி, இனி ஏற வேண்டாம், கீழே நின்று ஏறுகிறவனைப் பார்த்துக்கொள் என்றார்கள். ஏறுவது சுலபம். மேலே இருக்கிறவனை விட்டுக் கண்ணை எடுக்காமல் கீழே நிற்பது கஷ்டம். கழுத்து வலிக்கும். அம்மாவிடம் கேளுங்கள், தைலம் தேய்த்தவள் அவள்தான்.

எங்கள் வேலையில் லைன் கிளியர் என்று ஒன்று உண்டு. கம்பம் ஏறுவதற்கு முன்னால் சப்ஸ்டேஷனில் இருக்கிற ஆபரேட்டரிடம் கேட்டு வாங்க வேண்டும். அவர் கரண்டை நிறுத்தி, நிறுத்திவிட்டேன், ஏறலாம் என்பார். இறங்கிய பிறகு நாங்கள் சொன்னால்தான் மறுபடி போடுவார். ஏறுகிறவனின் உயிர் இன்னொருத்தன் கையில் இருக்கிறது என்பதுதான் இதன் சுருக்கம். அந்தக் காலத்து ஆபரேட்டர்களுக்கு எங்கள் குரல் தெரியும். வீட்டு விசேஷம் விசாரித்த பிறகுதான் லைன் கிளியர் தருவார்கள். அதுவும் ஒரு பாதுகாப்புதான். ஊர் பேர் தெரியாதவன் கேட்டால் தரமாட்டார்கள்.

எங்கள் பிரிவுக்குத் திலகவதி மேடம் உதவிப் பொறியாளராக வந்தார். அவர் கத்தமாட்டார். மெமோ தரமாட்டார். போனில் வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் வராது. “சங்கிலி போட்டாச்சா?” என்றுதான் வரும்.

சங்கிலி என்றால் எர்த் சங்கிலி. கரண்டை நிறுத்திய பிறகும், வேலை செய்கிற இடத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று கம்பிகளில் கொக்கி மாட்டி, அதன் மறுமுனையைத் தரையில் அடித்த கம்பியோடு இணைப்போம். தவறிப்போய் யாராவது கரண்டைப் போட்டாலும் அது மனுஷன் மேல் பாயாமல் மண்ணுக்குப் போய்விடும். புத்தகத்தில் இருக்கிற விதிதான். ஆனால் சங்கிலி கனம். வரப்பில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். சின்ன வேலைக்கெல்லாம் யாரும் போடமாட்டார்கள். மேடம் வரும்வரை.

சங்கிலி இல்லாமல் ஒருத்தன் ஏறுவதைப் பார்த்தால் மேடம் அவனை இறங்கச் சொல்லிவிட்டு, கம்பத்துக்கு எதிரில் வரப்பில் உட்கார்ந்துகொள்வார். குடையை விரித்துக்கொள்வார். “சங்கிலி வரட்டும். நான் வெயிட் பண்றேன்” என்பார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேச்சே இருக்காது. ஆபீசுக்குப் போய் சங்கிலி எடுத்து வரும்வரை ஊரே கரண்ட் இல்லாமல் கிடக்கும். ஜனங்கள் வந்து சத்தம் போடுவார்கள். மேடத்தை யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பொம்பளையை என்ன சொல்வது? எங்களைத்தான் திட்டுவார்கள். இப்படி சிலமுறை நடந்த பிறகு, சங்கிலி இல்லாமல் எங்கள் வண்டி கிளம்பியதே இல்லை.

ஏழுமலை அவருக்கு ‘சங்கிலி மேடம்’ என்று பேர் வைத்தான். அவன் என்னைவிட ரொம்ப இளையவன். கிளியனூர்ப் பக்கம். எங்கள் பிரிவில் அவனைப்போலக் கம்பம் ஏறுகிறவன் இல்லை. அவன் வாயைப்போல வாயும் இல்லை.

பிறகு மெஷின் வந்தது. என்ஜினீயர்கள் ஏ.ஐ. என்றார்கள், நாங்கள் மெஷின் என்றோம். அது ஏன் வந்தது என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். திண்டிவனம் பக்கம் பேக்டரிகள் வந்துகொண்டே இருந்தன. தரிசு நிலத்தில் சோலார் பலகை விரித்தார்கள். கோட்டக்குப்பத்தில் மாடிக்கு மாடி ஏ.சி. மாட்டினார்கள். பாண்டிச்சேரி ரோட்டில் காருக்குச் சார்ஜ் போடுகிற கடை வந்தது. லைன் நீண்டுகொண்டே போனது. லைன்மேன் நீளவில்லை. இருக்கிற ஆளை வைத்துக்கொண்டு இவ்வளவையும் பார்க்க வேண்டும் என்றால் என்ன செய்வது? அதற்குத்தான் மெஷின்.

அதைக் கொண்டுவந்த கம்பெனியிலிருந்து பிரவீன் என்ற தம்பி எங்களுக்கு விளக்கம் சொல்ல வந்தார். நல்ல பிள்ளை. எங்களை சார் என்றே கூப்பிட்டார். லைனில் பழுது வந்தால் எந்தக் கம்பத்திலிருந்து எந்தக் கம்பத்துக்குள் என்று மெஷின் சொல்லும், பழுதான துண்டை மட்டும் தானே பிரித்துவிட்டு மற்ற ஊர்களுக்கு வேறு வழியில் கரண்ட் கொடுக்கும் என்றார். அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் கூட்டம் கூடும்போது அந்த ஊர் லைன் எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று முன்கூட்டியே சொன்னதைத் திரையில் காட்டினார்.

“இது அங்காளம்மனுக்கே தெரியாதே ணா” என்றான் ஏழுமலை.

உண்மையில் அது நல்ல மெஷின். முன்பெல்லாம் கம்பியைத் தாங்குகிற பீங்கான் இன்சுலேட்டர் ஒன்று உடைந்தால், எது உடைந்தது என்று கண்டுபிடிக்க சேற்றில் கம்பம் கம்பமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்போம். மெஷின் வந்த பிறகு நேராகப் போய் நின்றோம். பெரும்பாலும் அது சொன்ன இடம் சரியாகவே இருந்தது. ரோட்டோரக் கம்பங்களில் மோட்டார் வைத்த சுவிட்ச் மாட்டினார்கள். விழுப்புரத்திலிருந்தே மெஷின் அதைத் திறக்கும், மூடும். கீழே பெட்டியில் ஒரு லீவர் இருந்தது. லீவர் ‘ரிமோட்’ பக்கம் இருந்தால் மெஷின் பேச்சைக் கேட்கும். ‘லோக்கல்’ பக்கம் தள்ளினால் மெஷினால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த லீவரைத் தொடாதீர்கள் என்று கம்பெனிக்காரர்கள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். நாங்களும் தொடவில்லை.

லைன் கிளியரும் மெஷினிடமே போனது. ஏறுகிறவன் தன் செல்போனில் கேட்பான். மெஷின் சுவிட்சைத் திறந்துவிட்டு, ஏறலாம் என்று மெசேஜ் அனுப்பும். வேலை முடிய இவ்வளவு நேரம் ஆகும் என்று அதற்கு ஒரு கணக்கு உண்டு. அந்த நேரம் தாண்டினால் அவன் போனுக்குத் தானே கூப்பிடும். ஒரு பொம்பளைக் குரல் நல்ல தமிழில் கேட்கும். பணி முடிந்துவிட்டது என்றால் ஒன்றை அழுத்தவும், முடியவில்லை என்றால் இரண்டை அழுத்தவும். வீட்டு விசேஷம் எல்லாம் விசாரிக்காது.

மாசி மாதம், பனி விலகாத ஒரு காலை. கிளியனூரைத் தாண்டி முனுசாமி என்கிற பெரியவரின் நிலக்கடலைக் கொல்லை, எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம், அதை ஒட்டிய லைனில் பழுது. மெஷின் சொன்ன இடத்துக்குப் போனால் இன்சுலேட்டர் கீறல் விட்டிருந்தது. ஏழுமலை போனில் லைன் கிளியர் வாங்கினான். ரோட்டோர சுவிட்ச் டக்கென்று திறந்தது.

“அதான் தொறந்துடுச்சே ணா. மெஷினே ஏறு ஏறுன்னுது. சங்கிலிய வேற தூக்கிக்கினு... ஜல்தியா முடிச்சிட்டுப் போய்க்கினே இருக்கலாம்.”

“மேடம் வந்து உட்காந்துடுவாங்கடா.”

அவன் ரோட்டைப் பார்த்தான். மேடத்தின் ஜீப் எந்த நேரமும் வரக்கூடியது. திட்டிக்கொண்டே சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று மாட்டினோம். உயிருக்குப் பயந்து மாட்டவில்லை. குடைக்குப் பயந்து மாட்டினோம். இதை உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை.

ஏழுமலை சட்டையைக் கழற்றி டி.வி.எஸ். வண்டியின் கைப்பிடியில் மாட்டினான். போன் சட்டைப்பையில். மேலே ஏறும்போது போன் கொண்டுபோகக்கூடாது என்பதும் விதிதான். பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏறினான். பழைய இன்சுலேட்டரின் நட்டு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. நேரம் இழுத்தது.

முனுசாமி வண்டிக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். கரண்ட் வந்தால் மோட்டார் போட வேண்டும். மல்லாட்டை காய் பிடிக்கிற சமயம், தண்ணீர் இல்லாமல் இலை சுருண்டிருந்தது. ஆனாலும் அவசரப்படுத்தவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. நம் பக்கம் ஒரு பழக்கம் இருக்கிறது. ஒருத்தர் போன் விடாமல் அடித்தால், பக்கத்தில் இருக்கிறவர் எடுத்து, அவர் இல்லை, அப்புறம் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிடுவார். எடுக்காமல் விடுவது மரியாதை இல்லை. துக்கச் செய்தியாகக்கூட இருக்கலாம். முனுசாமி எடுத்தார். நான் ஏழுமலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காதில் மட்டும் விழுந்தது.

“அலோ, யாருங்க... அவுரு மேல இருக்காருங்க... ஆமாங்க, கம்பத்து மேல... இல்லீங்க, இன்னும் முடியல... யம்மா, நான் சொல்றது கேக்குதாம்மா உனக்கு?... சரிம்மா, சரிம்மா.”

யாரோ சொந்தக்காரப் பெண் என்று நினைத்தேன்.

அப்புறம் வந்த சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. முன்பக்கச் சங்கிலி மாட்டியிருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வெளிச்சம். சங்கிலி அறுந்து கரும்புகையோடு கொல்லையில் விழுந்தது. மல்லாட்டைச் செடி கொஞ்சம் கருகியது. சப்ஸ்டேஷனில் பிரேக்கர் தானாக விழுந்து கரண்ட் போய்விட்டது. மரத்திலிருந்த காக்காய் எல்லாம் கிளம்பிப் போய்விட்டன.

ஏழுமலை கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். அவனேதான் கேட்டான்.

“ணா, இன்னா ணா சத்தம்?”

“கரண்ட் வந்துச்சிடா.”

“வந்து?”

“போயிடுச்சி.”

“சரி” என்றான்.

சரி என்றவன் இறங்கவில்லை. நான் மறுபக்கச் சங்கிலி இருக்கிறதா என்று பார்த்து, ஓடிப்போய் சுவிட்ச் பெட்டியின் லீவரை லோக்கலுக்குத் தள்ளினேன். ஸ்டிக்கரைப் பார்க்கவில்லை. திரும்பி வந்து, இறங்குடா என்றேன். கை வர்ல ணா என்றான். கை கம்பத்தை விடவில்லை. பேசிப் பேசித்தான் ஒவ்வொரு விரலாக விட்டு இறங்கினான். கீழே வந்ததும் இரண்டு கையையும் அக்குளில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தான்.

மேடம் வந்தார். எரிந்த சங்கிலியைக் குனிந்து பார்த்தார். ஏழுமலையைப் பார்த்தார். பிறகு, யார் போட்டது என்று கேட்டார்.

அதுவரை அசையாமல் நின்ற முனுசாமி முன்னால் வந்தார். “நான்தாம்மா அமுக்குனேன்.”

“என்ன சொல்லுச்சி போன்ல?”

“முடிஞ்சிட்டா ஒன்ன அமுக்கு, முடியலன்னா ரெண்ட அமுக்குன்னுச்சி.”

“முடியலன்னு உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும்மா. திருப்பித் திருப்பிச் சொன்னேன். மேல இருக்காரு, மேல இருக்காருன்னு. அது பாட்டுக்கு அதையே சொல்லிக்கினு இருந்துச்சி.”

“அப்புறம் ஏன் ஒண்ணு அமுக்குனீங்க?”

“கேஸ் சிலிண்டருக்குப் போன் போட்டா ஒண்ணுதாம்மா அமுக்குவோம். அமுக்குனாத்தான் அது வுடும்.”

மேடம் வரப்பில் உட்கார்ந்தார். குடையை விரிக்கவில்லை. முனுசாமி அழ ஆரம்பித்தார். யாரும் அவரைத் தேற்றவில்லை, யாரும் திட்டவும் இல்லை. மெஷின் மறுபடி ஏழுமலை போனுக்கு அடித்தது. ஒருத்தரும் எடுக்கவில்லை.

அதற்கு அப்புறம் ஏழுமலை ஏறவில்லை. மறுவாரம் வேலைக்கு வந்தான். கம்பத்தடிக்கு வருவான். பெல்ட் மாட்டுவான். அண்ணாந்து பார்ப்பான். “ணா, நம்ம போன் யாருகிட்ட கீது?” என்பான். என்னிடம்தான் இருக்கிறது, அணைத்து வைத்திருக்கிறேன் என்பேன். “வேற யாருக்காச்சும் அடிச்சா?” என்பான். பெல்ட்டைக் கழற்றிவிடுவான். அணைத்துவிட்டால் மெஷின் அடுத்த நம்பருக்கு அடிக்கும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்த வாயாடி ஒருநாள் முழுக்க நாலு வார்த்தைகூடப் பேசாமல் சாமான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஏறாத வயர்மேனை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

விழுப்புரத்தில் கூட்டம் போட்டார்கள். பெரிய என்ஜினீயர், பிரவீன், மேடம். என்னையும் ஏழுமலையையும் கூப்பிட்டிருந்தார்கள். ஏ.சி. ரூம். ஏழுமலை நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

பிரவீன் முகம் வாடிப்போயிருந்தது. தூங்கியிருக்கமாட்டார் போலிருந்தது. இனி ஒன்றை அழுத்தினால் போதாது, ஒரு ரகசிய எண் வரும், அதைப் போட வேண்டும் என்று வைக்கலாம் என்றார்.

“கையுறை போட்டுக்கினு எண்ணு போட முடியாதுங்க. அதுவும் நான் கீழ இருக்கறவருகிட்டதான சொல்லுவேன்” என்றான் ஏழுமலை.

அப்படியானால் குரலை அடையாளம் காணுகிற மாதிரி செய்யலாம், ஏழுமலை சார் குரல் என்றால் மட்டும் ஏற்கும் என்றார் பிரவீன்.

“பாக்கு போட்டுக்கினு பேசுனா எங்க வூட்லயே அடையாளம் தெரியாதுங்க.”

மேடம் கைப்பையிலிருந்து ஒரு பூட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். சாதாரண பித்தளைப் பூட்டு. பெட்டியில் இருக்கிற லீவருக்கு ஒரு ஓட்டை இருக்கிறது, ஏறுவதற்கு முன்னால் லீவரை லோக்கலில் தள்ளிப் பூட்ட வேண்டும், சாவி ஏறுகிறவன் இடுப்பில் மேலே போக வேண்டும் என்றார். அவன் இறங்கினால்தான் சாவி இறங்கும். போனில் யார் எதை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது.

“மேடம், லோக்கல்ல போட்டா சிஸ்டத்துக்கு அந்த சுவிட்சுல கன்ட்ரோலே இருக்காது” என்றார் பிரவீன்.

“தொட முடியாதுல்ல?”

“தொட முடியாது மேடம்.”

“அதான் வேணும்.”

பிரவீன் விடவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மனுஷன் மறந்துவிடுவான், பூட்டைத் திறந்து ரிமோட்டில் போடாமலே போய்விடுவான், கொஞ்ச நாளில் பாதி சுவிட்ச் லோக்கலில் கிடக்கும், மெஷின் இருந்தும் இல்லாத கதை ஆகிவிடும் என்றார். ஒரு ஊரில் செய்கிறதை அதே ஆட்களை வைத்து நூறு ஊரில் செய்வதற்குத்தான் இதெல்லாம், “பூட்டு ஸ்கேல் ஆகாது மேடம்” என்றார்.

“எத்தனை வேணுமோ கடைல இருக்கு” என்றார் மேடம்.

பெரிய என்ஜினீயர் பூட்டைக் கையில் எடுத்துத் திறந்து மூடிப் பார்த்தார். பார்த்துவிட்டு, முதலில் உங்கள் பிரிவில் மட்டும் செய்யுங்கள் என்றார்.

பூட்டு வாங்கினால் கூடவே மாற்றுச் சாவி வரும். அதுதான் ஆபத்து என்று மேடத்துக்குத் தெரியும். மாற்றுச் சாவி ஆபீஸ் மேசையில் இருந்தால் ஒருநாள் யாராவது எடுத்துத் திறந்துவிடுவார்கள், நல்ல எண்ணத்தோடுதான் திறப்பார்கள். மேடம் எல்லா மாற்றுச் சாவியையும் ஒரு வளையத்தில் கோத்து, முனுசாமி கிணற்றங்கரைக்கு எங்களைக் கூட்டிப் போனார்.

முனுசாமி கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தார். “நான் போடட்டுமாம்மா?”

மேடம் கொடுத்தார். அவர் கிணற்றில் போட்டார். சத்தம் வரும்வரை எல்லாரும் நின்றோம்.

அன்றைக்கே ஏழுமலை லீவரைப் பூட்டினான். இழுத்துப் பார்த்தான். மறுபடி இழுத்துப் பார்த்தான். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு கம்பத்தடிக்கு வந்தான். சங்கிலியை அவனே மாட்டினான், நான் சொல்லவில்லை. பெல்ட் போட்டான். இடுப்பைத் தடவிப் பார்த்தான். ஏறினான். பாதி தூரம் போனதும் மேலிருந்து சத்தம் வந்தது.

“பெரியப்பா! இப்ப போன் வந்தா இன்னா பண்ணுவ?”

“தொடவே மாட்டேன்டா சாமி!” என்றார் முனுசாமி.

“தொடு. ரெண்ட அமுக்கு.”

அவன் வாய் திரும்ப வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். இறங்கி வந்ததும் முனுசாமி வீட்டம்மா வேகவைத்த மல்லாட்டை ஒரு தூக்கு நிறையக் கொடுத்தார். அவன் எனக்குத் தரவில்லை.

ஆனால் பிரவீன் சொன்னதும் நடந்தது. ஒரு வேலை முடித்து, பூட்டைத் திறந்து சுவிட்சைக் கையால் மூடிக் கரண்ட் கொடுத்த ஏழுமலை, லீவரை ரிமோட்டுக்குத் தள்ள மறந்து, பழக்கத்தில் மறுபடி பூட்டிவிட்டுச் சாவியோடு வீட்டுக்குப் போனான். மறுநாள் அவனுக்கு லீவு, அமாவாசை. குடும்பத்தோடு மேல்மலையனூர் போய்விட்டான். அன்றைக்குப் பார்த்து அந்த லைனில் மரக்கிளை விழுந்தது. மெஷின் பழுதைச் சரியாகக் கண்டுபிடித்தது. மற்ற ஊர்களுக்கு வேறு வழியில் கரண்ட் கொடுக்க அந்த ஒரு சுவிட்சைத் தொட வேண்டும். அதில் பூட்டு.

பிரவீன் சென்னையிலிருந்து எனக்குப் போன் செய்தார். “சார், டூப்ளிகேட் கீ இருக்குமே?”

“இருக்குதுங்க.”

“எங்க சார்?”

“கிணத்துல.”

ஏழுமலைக்குப் போன் அடித்தேன். கோயில் கூட்டத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. கேட்டபோது, “ணா, அம்மன் எதுருல நிக்கிறேன் ணா, பேஜாரா பூடுச்சே” என்றான். சாவி பஸ் ஏறி வந்து சேரும்வரை ஊர்கள் புழுக்கத்தில் கிடந்தன. ஜனங்கள் எங்களைத் திட்டினார்கள். அந்தத் தடவை குடைகூட இல்லை.

பிரவீன் மறுநாளே நேரில் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். அவர் பெட்டிக்கு முன்னால் நின்று லீவரையும் பூட்டையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏழுமலை சார், நீங்க எப்பல்லாம் இதை லோக்கல்ல போடுவீங்க?”

“மேல ஏறும்போது.”

“வேற எப்பவும்?”

“வேற எதுக்குங்க போடப்போறோம்?”

“அப்போ லோக்கல்ல இருக்குன்னா மேல ஆள் இருக்குன்னு அர்த்தம்” என்றார் பிரவீன். எங்களுக்குச் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார்.

அதுவரை லீவர் லோக்கலில் இருந்தால் மெஷின் அதைத் தொடர்பு அறுந்த சுவிட்ச் என்று கணக்கு வைத்திருந்தது. பிரவீன் அதை மாற்றினார். லோக்கல் என்றால் ஆள். திரையில் அந்தக் கம்பத்தின் மேல் ஒரு ஆள் பொம்மை நிற்கும். பொம்மை நிற்கிற துண்டுக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் மெஷின் கரண்ட் அனுப்பாது. நேரமானால் ஏறினவன் போனுக்கு அடிக்காது. கன்ட்ரோல் ரூமில் இருக்கிற மனுஷருக்குச் சொல்லும். அவர் பிரிவு ஆபீசுக்குச் சொல்லி, ஒரு ஆள் நேரில் போய்க் கம்பத்தடியில் பார்க்க வேண்டும். ஏழுமலை போல ஒருத்தன் மறந்துவிட்டுப் போயிருந்தால், அப்போதே தெரிந்துவிடும், சாவி மேல்மலையனூர் போவதற்குள்.

பொம்மை வரைந்து முதலில் எங்களிடம்தான் காட்டினார். தலையில் தொப்பி, கழுத்தில் டை.

“டை கட்டிக்கினு எவன் ணா கம்பம் ஏறுவான்?” என்று ஏழுமலை என்னிடம் கேட்டான். பிரவீன் டையை எடுத்துவிட்டு, இடுப்பில் பெல்ட் வரைந்தார். இப்போதும் அதே படம்தான். வெண்ணிலா, நாளைக்குப் பெரிதாக்கிப் பார்.

அப்புறம் மாவட்டம் முழுக்கப் பூட்டு வந்தது. திண்டிவனத்துக் கடைக்காரர் மொத்தமாக வாங்கினால் விலை குறைத்துத் தருவதாகச் சொன்னார். பூட்டும் ஸ்கேல் ஆகிவிட்டது என்று பிரவீன் மேடத்திடம் சொன்னதாகக் கேள்வி. மாற்றுச் சாவிகளை மற்ற பிரிவுக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் கிணறு ஒன்றுதான்.

நான் ஓய்வு பெற்றேன். சால்வை, சுவர்க் கடிகாரம் எல்லாம் கொடுத்தார்கள். மேடம் பேசுவார் என்று மைக் கொடுத்தார்கள். “கோவிந்தன் அடியில நின்ன கம்பத்துலேர்ந்து எல்லாரும் உயிரோட இறங்குனாங்க. நன்றி” என்று உட்கார்ந்துவிட்டார். அதைவிட நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

எழுத வந்தது இவ்வளவுதான். முடிக்கலாம் என்று நினைத்த சமயத்தில் ஒன்று நடந்தது. அதையும் சேர்க்கிறேன்.

நேற்று மத்தியானம் காற்றும் மழையும். வீட்டில் கரண்ட் போய்விட்டது; எங்கள் தெருவுக்கும் கிளியனூர் லைன்தான். கொஞ்ச நேரத்தில் வெண்ணிலா கன்ட்ரோல் ரூமிலிருந்து கூப்பிட்டாள். குரலை அடக்கிக்கொண்டு பேசினாள்.

“அப்பா, கிளியனூர் லைன்ல பொம்மை நிக்குது. ரொம்ப நேரமா நிக்குது. பால் குளிரூட்டுற இடத்துலேர்ந்து விடாம போன் பண்றாங்க. ஆஸ்பத்திரிலேர்ந்தும் கேட்டுட்டாங்க. மெஷின் காத்திருக்குன்னு காட்டிக்கினே இருக்குது. எங்க சாரு என்னாம்மா, என்னாம்மான்னு பின்னாடி நிக்கறாரு.”

“செக்‌ஷனுக்குச் சொன்னியா?”

“சொல்லிட்டேன். பார்க்க ஆள் போயிருக்கு. ரோட்ல மரம் விழுந்து சுத்திக்கினு போகணுமாம்.”

“சரி. இரு.”

“அங்க டூட்டி ஏழுமலை மாமாதான். ஒரே ஒரு போன் அடிச்சி, இறங்கிட்டீங்களான்னு கேட்டுடட்டுமா?”

“அடிக்காத.”

“ஏம்ப்பா?”

“எடுக்க மாட்டான்.”

“எடுத்துட்டா?”

“எடுத்தா, அது ஏழுமலை இல்ல.”

பின்னால் யாரோ அவளைக் கூப்பிடுவது கேட்டது. “ஆள் மேல இருக்குங்க சார், வெயிட் பண்ணணும்” என்று அவள் அவரிடம் சொன்னாள். சத்தமாகச் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டாள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து, நின்றுபோன மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்து வலித்தது. மழை விட்டு, தெருவில் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கி விளையாட ஆரம்பித்த பிறகுதான் விசிறி மெதுவாகச் சுற்றியது.

இறங்கிவிட்டான்.